துணை விலங்குக்கு எண் வைப்பது எப்படி: ஒரு செந்நாயை உருவாக்கிப் பார்ப்போம்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு. அதில் நான் நடத்திய முதல் நீண்ட ஆட்டத்தில், ரேஞ்சராக, அதாவது காட்டு வீரராக, விளையாடிய நண்பர் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்த ஓநாய், முதல் சண்டையின் முதல் சுற்றிலேயே இறந்துபோனது. நூலின் விலங்குப் பட்டியலில் இருந்த ஓநாயை ஓர் எண்ணைக்கூட மாற்றாமல் அவரிடம் கொடுத்திருந்தேன். அதன் ஹிட் பாயிண்ட், அதாவது அது தாங்கக்கூடிய சேதம், 11; ஆர்மர் கிளாஸ், அதாவது அதன் மேல் அடி பட எதிரி எட்ட வேண்டிய எண், 13. எதிரே நின்ற ஓகர் என்ற அரக்கனின் தடியடி சராசரியாக 13 சேதம் தரக்கூடியது. ஓகரின் தாக்குதலுக்குக் கூட்டல் 6 உண்டு என்பதால், அந்த அடி ஓநாயின் மேல் பட 20 முகப் பகடையில் 7 விழுந்தாலே போதும். அன்று 14 விழுந்தது. பெயர் வைத்து, குணம் யோசித்து, இரண்டு வாரம் காத்திருந்து கொண்டுவந்த விலங்கு ஐந்தே நிமிடத்தில் போனதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும் முகத்தில் தெரிந்தது.

அடுத்த ஆட்டத்தில் அந்தத் தவற்றைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு ஓநாய்க்கு ஹிட் பாயிண்டைக் கூட்டினேன். உரிமையாளர் கட்டளையிடாமலேயே ஒவ்வொரு சுற்றிலும் அது தானாகத் தாக்கலாம் என்றும் விட்டேன். மூன்றாவது வாரத்தில், வாள்வீரராக விளையாடியவர் ஆட்டம் முடிந்த பிறகு என்னைத் தனியாக அழைத்து, இந்தக் குழுவில் தனக்கு என்ன வேலை என்று வருத்தத்தோடு கேட்டார். ஒரு முறை மிகக் குறைவாகவும் மறுமுறை மிக அதிகமாகவும் கொடுத்திருந்தாலும், இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றே. இரண்டு முறையும் விலங்கின் எண்களை மட்டும் பார்த்தேனே தவிர, அந்த விலங்கைப் பயன்படுத்த உரிமையாளர் தன் முறையில் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதைப் பார்க்கவே இல்லை. துணை விலங்கின் சமநிலை அந்த விலையில்தான் தொடங்குகிறது.

இங்கே நான் எடுத்துக்கொள்ளும் விதிமுறை டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு. உருவாக்கப்போகும் விலங்கு செந்நாய். 2014-இல் வந்த அடிப்படை நூலின் விலங்குப் பட்டியலில் ஓநாய், குள்ளநரி, கழுதைப்புலி எல்லாம் உண்டு, செந்நாய் இல்லை. முதுமலையிலும் பந்திப்பூரிலும் கூட்டமாக வேட்டையாடும் இந்த விலங்கை என் ஆட்டத்தின் காட்டுக்குள் கொண்டுவர எனக்கு ஆசை இருந்தது. நீங்கள் வேறு விலங்கை எடுத்தாலும், வேறு விதிமுறையில் விளையாடினாலும், கணக்குப் போடும் வழி மாறாது.

முதலில் விலையை முடிவுசெய்யுங்கள்

இந்த ஆட்டத்தின் வரலாற்றைப் பார்த்தாலே விலை எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். 2003-இல் வந்த 3.5 பதிப்பில் ட்ரூயிட் என்ற இயற்கை மந்திரவாதி முதல் லெவலிலேயே துணை விலங்கைப் பெற்றார். அதற்குக் கட்டளையிடுவது அவருக்கு ஃப்ரீ ஆக்‌ஷன், அதாவது எந்தச் செலவும் இல்லை. ட்ரூயிட் மந்திரம் போட்ட அதே சுற்றில் விலங்கும் முழு வலிமையோடு கடித்தது. ஒரே ஆட்டக்காரர் இரண்டு பேருக்கு உரிய முறைகளை ஆடுகிறார் என்ற குறை அந்தப் பதிப்பு நெடுகிலும் பேசப்பட்டது. அதே பதிப்பில் ரேஞ்சருக்கு விலங்கு கிடைத்தது 4-ஆம் லெவலில்தான். அதுவும் அவருடைய லெவலில் பாதி உள்ள ட்ரூயிடின் விலங்குக்குச் சமமாகவே இருந்தது. ஒரே நூலுக்குள் ஒருவருக்கு மிகையாகவும் மற்றவருக்குப் போதாமலும் போன கதை அது.

2014-இன் ஐந்தாம் பதிப்பு எதிர்த்திசைக்குத் திரும்பியது. ரேஞ்சர் தன் சுற்றின் முக்கியச் செயலான முழு ஆக்‌ஷனையும் கொடுத்தால்தான் விலங்கு தாக்கும் என்று விதி வந்தது. விலங்கு கடிக்க வேண்டுமென்றால் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். 5-ஆம் லெவலில் கூடுதல் தாக்குதல் கிடைத்த பிறகே இருவரும் ஒரே சுற்றில் ஒவ்வொரு அடி அடிக்க முடிந்தது. 2020-இல் வெளிவந்த துணைநூல் ஒன்று இதை மாற்றி, முக்கியச் செயலுக்கு மேல் சுற்றுக்கு ஒரு முறை கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனைக் கொடுத்தோ, தாக்குதல்களில் ஒன்றை விட்டுக்கொடுத்தோ விலங்கைத் தாக்கச் சொல்லலாம் என்றது. கட்டளை இல்லாத சுற்றில் விலங்கு தானாக நகரும், தற்காத்துக்கொள்ளும், பிறர் முறையில் செய்யும் எதிர்வினையான ரியாக்‌ஷனையும் பயன்படுத்தும். 2024-இன் திருத்திய நூலும் போனஸ் ஆக்‌ஷன் என்ற விலையையே தொடர்ந்தது. 2019-இல் வந்த, பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு வேறொரு வழியில் ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது: ஒவ்வொருவருக்கும் உள்ள மூன்று ஆக்‌ஷன்களில் ஒன்றைக் கொடுத்தால் விலங்குக்கு இரண்டு ஆக்‌ஷன் கிடைக்கும்.

இலவசமும் சரிவரவில்லை, முழு விலையும் சரிவரவில்லை, இடைப்பட்ட விலையே நிலைத்தது. ஆகவே செந்நாய்க்கும் போனஸ் ஆக்‌ஷனையே விலையாக வைக்கிறேன். இதை எழுதிக்கொள்ளும் முன் வேறு எந்த எண்ணையும் எழுத வேண்டாம். விலை மாறினால் பின்னால் வரும் ஒவ்வொரு எண்ணும் மாறும்.

அந்த விலைக்கு எவ்வளவு சேதம் நியாயம்

3-ஆம் லெவல் ரேஞ்சர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சுறுசுறுப்பு 16, கையில் நெடுவில், தாக்குதலுக்குக் கூட்டல் 5, சேதம் 1டி8+3, அதாவது எட்டு முகப் பகடை ஒன்றில் விழுவதோடு 3. அந்த லெவலில் எதிர்ப்படும் எதிரிகளின் ஆர்மர் கிளாஸ் பெரும்பாலும் 13-ஐ ஒட்டியே இருக்கும். பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அம்பு படும், அதாவது 65 விழுக்காடு. படும் அம்பின் சராசரிச் சேதம் 7.5 என்பதால், ஒரு சுற்றுக்கு எதிர்பார்க்கக்கூடிய சேதம் 7.5-ஐ 0.65-ஆல் பெருக்கக் கிடைக்கும் 4.9. பகடையில் 20 விழுந்து சேதப் பகடை இரட்டிப்பாகும் கிரிட்டிகல் அடிகளை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி விடுவதால் ஒப்பீடு கெடாது.

இனி விலங்கை வாங்காத ரேஞ்சர் அதே இடத்தில் எதைப் பெறுகிறார் என்று பாருங்கள். 2014-இன் நூலில் விலங்குப் பாதைக்கு மாற்றாக உள்ள வேட்டைக்காரர் பாதையை எடுப்பவர், ஏற்கெனவே காயம்பட்ட எதிரியின் மேல் சுற்றுக்கு ஒரு முறை 1டி8 கூடுதல் சேதம் சேர்க்கலாம். அதன் மதிப்பு 4.5 பெருக்கல் 0.65, அதாவது 2.9. அவருடைய போனஸ் ஆக்‌ஷன் கையிலேயே இருக்கிறது. அதைக் கொண்டு எதிரியின் மேல் வேட்டைக்குறி மந்திரத்தை வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் 1டி6 கூடும்; அது 3.5 பெருக்கல் 0.65, அதாவது 2.3. இரண்டையும் கூட்டினால் 5.2. விலங்குப் பாதையை எடுத்தவர் விட்டுக்கொடுத்தது இந்த 5.2-ஐத்தான். ஆகவே விலங்கு தரும் சேதமும் 5.2-ஐ ஒட்டியே இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு சரிதானா என்று பார்க்க, 2020-இன் நூல் தந்த நிலவிலங்கின் எண்களை இதே தட்டில் வைத்துப் பார்த்தேன். அதன் அடி 1டி8+2, அதோடு லெவலோடு வளரும் ப்ரொஃபிஷியன்சி போனஸ் 2 சேர்ந்தால் சராசரி 8.5. உரிமையாளரின் மந்திரத் தாக்குதல் எண்ணையே அது பயன்படுத்துகிறது. விவேகம் 14 உள்ள ரேஞ்சருக்கு அது கூட்டல் 4, படும் வாய்ப்பு 60 விழுக்காடு. விடை 5.1. நூலை எழுதியவர்கள் எந்த வழியில் அந்த எண்ணுக்கு வந்தார்களோ, என் வழியும் அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியதைக் கண்டபோதுதான் இந்த முறையின் மேல் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

என் இரண்டாவது ஆட்டத்தில் என்ன நடந்தது என்பதும் இப்போது தெளிவாகிறது. அந்த ஓநாயின் கடி 2டி4+2, சராசரி 7. கூட்டாளி ஒருவர் எதிரியின் அருகே நின்றால் ஓநாய்க்கு அட்வான்டேஜ் உண்டு, அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். 60 விழுக்காடு வாய்ப்பு அதனால் 84 ஆகிறது, சேதம் 5.9 ஆகிறது. வில்லின் 4.9, ஓநாயின் 5.9, செலவாகாமல் கையில் மிஞ்சிய போனஸ் ஆக்‌ஷனால் வேட்டைக்குறியின் 2.3, எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 13. அதே லெவலில் வலிமை 16 உள்ள வாள்வீரர் பெருவாளால் 2டி6+3 அடித்தாலும் எதிர்பார்ப்பு 6.5 மட்டுமே. சரியாக இரண்டு மடங்கு. அவர் கேட்ட கேள்வி முற்றிலும் நியாயமானது.

செந்நாயின் கடி

செந்நாயின் அடையாளமே கூட்டு வேட்டை. ஆகவே ஓநாய்க்கு உள்ள கூட்டுத் தாக்குதல் பண்பை இதற்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பண்பை இலவச இணைப்பாக நினைத்துக் கொடுத்துவிடக் கூடாது. அதன் மதிப்பைக் கடியிலிருந்து கழிக்க வேண்டும். 84 விழுக்காடு படும் கடி 5.2 சேதம் தர வேண்டுமென்றால் கடியின் சராசரி 6.2-க்குள் இருக்க வேண்டும். 1டி4+2 வைத்துப் ப்ரொஃபிஷியன்சி போனஸைச் சேர்த்தால் சராசரி 6.5, எதிர்பார்ப்பு 5.5, கொஞ்சம் கூடுதல். 1டி6 வைத்துப் ப்ரொஃபிஷியன்சி போனஸை மட்டும் சேர்த்தால் சராசரி 5.5, எதிர்பார்ப்பு 4.6. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அட்வான்டேஜ் உள்ள விலங்குக்குக் கிரிட்டிகல் விழும் வாய்ப்பு 5 விழுக்காட்டிலிருந்து 9.75 ஆக உயர்வதால் மீதி இடைவெளியில் ஒரு பகுதியை அதுவே நிரப்பிவிடும். எஞ்சியதை வேறொரு சிறு பண்புக்குச் சேமித்து வைக்கலாம்.

எதிர்பார்ப்பு எண்ணோடு நிறுத்தாமல், ஒரு கடியில் சாதாரண எதிரி விழுகிறானா என்பதையும் பாருங்கள். மேசையில் ஆட்டக்காரர்கள் உணர்வது சராசரியை அல்ல, விழுந்த எதிரிகளின் எண்ணிக்கையைத்தான். கோப்ளின் என்ற குட்டி அரக்கனின் ஹிட் பாயிண்ட் 7. செந்நாயின் 1டி6+2 கடியில் பகடை 5 அல்லது 6 காட்டினால்தான் அது சாகும், மூன்று கடிக்கு ஒன்று. நிலவிலங்கின் 1டி8+4 அடியில் 3 விழுந்தாலே போதும், நான்கு அடிக்கு மூன்று. ஓர் அடியில் சாய்ப்பது நிலவிலங்கின் இயல்பாகவும், மற்றவர்கள் சாய்ப்பதற்கு ஏற்றபடி எதிரியைப் பிடித்துவைப்பது செந்நாயின் இயல்பாகவும் இப்படி எண்களிலேயே பிரிந்து நிற்கின்றன.

அடுத்தது கடியோடு வரும் விளைவு. ஓநாயின் கடி பட்டவர் கீழே விழக்கூடும் என்று விதி இருப்பதால் பலரும் அதையே எல்லா நாயினத்துக்கும் எழுதிவிடுகிறார்கள். விழுந்து கிடப்பவரை அருகிலிருந்து தாக்குபவருக்கு அட்வான்டேஜ் கிடைப்பது உண்மை. ஆனால் தொலைவிலிருந்து அம்பு விடுபவருக்கு அதே நிலை டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடையில் சிறியதே கணக்கு. வில்லாளியின் விலங்கு எதிரியைத் தள்ளித் தள்ளி விழவைத்தால் தன் எஜமானரின் அம்புகளையே அது வீணாக்குகிறது. விலங்கின் பண்பு உரிமையாளரின் ஆயுதத்தோடு ஒத்துப்போகிறதா என்பதை எழுதும்போதே சோதிக்க வேண்டும். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் ஓநாய் இதற்கு நல்ல வழிகாட்டி: அது எதிரியின் கால் நரம்பைக் கிழிக்கிறது, உரிமையாளரின் அடி பட்டால் எதிரியின் வேகம் 5 அடி குறைகிறது. அந்த எண்ணத்தைக் கடன் வாங்கி, செந்நாயின் கடி பட்டவருடைய வேகம் உரிமையாளரின் அடுத்த முறை தொடங்கும் வரை 10 அடி குறையும் என்று எழுதினேன். இரையை ஓடவிட்டுக் களைக்கச்செய்து பிடிக்கும் விலங்குக்கு இது பொருந்துகிறது.

எத்தனை அடி தாங்க வேண்டும்

ஹிட் பாயிண்டை விலங்கின் உடல் பருமனிலிருந்து கணக்கிடுவதே பெரும்பாலானோர் செய்யும் பிழை. நூலின் ஓநாய்க்கு உள்ள 11 என்பது ஒரு சண்டையில் வந்து அந்தச் சண்டையிலேயே செத்துப்போகும் எதிரிக்காக எழுதப்பட்ட எண். துணை விலங்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு சண்டையில், பல மாதங்கள் இருக்க வேண்டியது. அதன் எண் உரிமையாளரின் லெவலிலிருந்து பிறக்க வேண்டும்.

உடல்வலு 14 உள்ள ரேஞ்சரின் ஹிட் பாயிண்ட், லெவலுக்குரிய சராசரியை எடுத்தால், 3-இல் 28, 5-இல் 44, 10-இல் 84. 2020-இன் நிலவிலங்குக்கு 5-உடன் லெவலின் ஐந்து மடங்கைக் கூட்ட வேண்டும்: 20, 30, 55. அதே நூலின் பறவைக்கு 4-உடன் லெவலின் நான்கு மடங்கு: 16, 24, 44. ஆக, பருத்த விலங்குக்கு உரிமையாளரின் ஹிட் பாயிண்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மெலிந்த விலங்குக்குப் பாதிக்குச் சற்று மேல் என்று கொள்ளலாம். செந்நாய் 12 முதல் 20 கிலோ வரைதான் எடை இருக்கும். மெலிந்த விலங்கின் கணக்கே அதற்குப் பொருந்தும். ஆர்மர் கிளாஸ் 13-உடன் ப்ரொஃபிஷியன்சி போனஸ். பிடிபடாமல் துள்ளித் திரியும், பிடிபட்டால் நெடுநேரம் தாங்காது.

முதல் நாள் கொன்ற அதே ஓகரை மறுபடியும் எதிரே நிறுத்துவோம். ஆர்மர் கிளாஸ் 15 உள்ள செந்நாயை அடிக்க ஓகருக்கு 9 விழ வேண்டும், 60 விழுக்காடு. சராசரி அடி 13, செந்நாயின் ஹிட் பாயிண்ட் 16. ஓர் அடியைத் தாங்கும், இரண்டாவது அடியில் விழும். இரண்டு அடி பட ஓகருக்குச் சராசரியாக மூன்று சுற்றுக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் உரிமையாளர் அதைத் திரும்ப அழைக்கலாம், மருத்துவர் ஒருவர் குணமாக்கலாம், இல்லையென்றால் துணிந்து விட்டுவைக்கலாம். அந்த ஒரு முடிவை எடுக்க உரிமையாளருக்கு நேரம் கொடுப்பதே ஹிட் பாயிண்டின் வேலை. முதல் அடியிலேயே விழும் விலங்கும், எத்தனை அடிக்கும் விழாத விலங்கும் அந்த முடிவை அவரிடமிருந்து பறித்துவிடுகின்றன.

5-ஆம் லெவலில் இன்னொரு சோதனை கட்டாயம் வேண்டும், ஏனென்றால் எதிரி மந்திரவாதிகள் தீப்பந்து எறியத் தொடங்கும் லெவல் அது. 8டி6, சராசரி 28. தப்பினாலும் பாதி, 14. நூலின் ஓநாய் தப்பினாலும் செத்துவிடும். செந்நாய்க்கு அப்போது 24. தப்பத் தவறினால் விழும், தப்பினால் 10-உடன் நிற்கும். இப்படித் தப்ப உருட்டும் சேவிங் த்ரோக்களில் ப்ரொஃபிஷியன்சி போனஸைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற விதியை மறக்காமல் எழுதுங்கள். சுறுசுறுப்பு 15 உள்ள செந்நாய்க்கு மொத்தம் கூட்டல் 5 ஆகி, 15 என்ற இலக்கைப் பாதிக்குச் சற்று மேலான வாய்ப்போடு தாண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பரப்புச் சேதம் வரும் ஒவ்வொரு சண்டையிலும் விலங்கு முதலில் போகும்.

சேதத்தில் கணக்கு வராதவை

விலங்கு கடிக்காமலே பல வேலை செய்கிறது. குறுகிய வழியை உடலால் அடைக்கிறது, விலகி ஓடும் எதிரியைத் தன் ரியாக்‌ஷனால் தாக்குகிறது, வாசலுக்கு அப்பால் யார் என்று மோப்பம் பிடிக்கிறது. இவற்றுக்குத் துல்லியமான எண் கிடையாது. ஆனாலும் இவற்றில் எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

அவற்றுள் உடல் அளவுக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கவனம் தேவை. சவாரி செய்பவரைவிட ஓர் அளவாவது பெரிய விலங்கின் மேல்தான் ஏற முடியும் என்பது விதி. நிலவிலங்கு நடுத்தர அளவு என்பதால் ஹாஃப்லிங், நோம் போன்ற சிறிய இனத்தார் அதன் மேல் ஏறி, அதன் 40 அடி வேகத்தைத் தமதாக்கிக்கொள்ளலாம். செந்நாயை நான் சிறிய அளவில் வைத்ததற்கு எடை மட்டும் காரணம் அல்ல. சவாரி என்ற கேள்வியே அங்கே எழாது. பறக்கும் விலங்கைத் தொடக்க லெவலில் சவாரிக்கு ஏற்ற அளவில் கொடுத்துவிட்டால் பள்ளம், மதில், ஆறு என்று நீங்கள் யோசித்து வைத்த தடைகள் எல்லாம் ஒரே நாளில் பயனற்றுப்போகும்.

செந்நாய்க்கே உரிய குரல் ஒன்று உண்டு. காட்டில் பிரிந்துபோன கூட்டத்தை அது சீழ்க்கை போன்ற ஒலியால் ஒன்றுசேர்க்கிறது. கடிக் கணக்கில் மிச்சம் வைத்த சிறு பங்கை இதற்குக் கொடுத்தேன்: சிறு ஓய்வு ஒன்றுக்கு ஒரு முறை, கடிப்பதற்குப் பதிலாகச் செந்நாய் சீழ்க்கையடிக்கலாம்; அப்போது 60 அடிக்குள் அது மோப்பத்தால் உணரும் உயிர்கள் மறைந்திருந்தாலும் அவற்றின் இடம் குழுவினர் அனைவருக்கும் உரிமையாளரின் அடுத்த முறை வரை தெரியும். கட்டளையின் விலை இதற்கும் உண்டு, அந்தச் சுற்றின் கடியும் போகிறது. ஆகவே தயங்காமல் கொடுக்கலாம். கடமானை நீருக்குள் விரட்டிச் சூழ்ந்துகொள்ளும் பழக்கமுள்ள விலங்கு என்பதால் 30 அடி நீந்தும் வேகமும் சேர்த்தேன். ஆண்டுக்கு ஒரு முறை பயன்படும் பண்புகள் சமநிலையைக் கெடுப்பதில்லை, விலங்குக்கு முகத்தைக் கொடுக்கின்றன.

இதுவரை முடிவானதைத் தாளில் எழுதினால் இப்படி வரும். செந்நாய், சிறிய விலங்கு. ஆர்மர் கிளாஸ் 13-உடன் ப்ரொஃபிஷியன்சி போனஸ். ஹிட் பாயிண்ட் 4-உடன் ரேஞ்சர் லெவலின் நான்கு மடங்கு. ஓட்டம் 40 அடி, நீச்சல் 30 அடி. வலிமை 11, சுறுசுறுப்பு 15, உடல்வலு 13, அறிவு 5, விவேகம் 14, வசீகரம் 7. கடி, உரிமையாளரின் மந்திரத் தாக்குதல் எண்ணோடு, 1டி6-உடன் ப்ரொஃபிஷியன்சி போனஸ். இவற்றுக்குக் கீழே கூட்டுத் தாக்குதல், வேகக் குறைப்பு, சீழ்க்கை என்ற மூன்று பண்புகள். மூன்றுக்கு மேல் பண்பு வைக்க வேண்டாம். நான்காவதை ஆட்டக்காரர் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார், அல்லது அதைத் தேடித் தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

லெவல் ஏறும்போது

3-ஆம் லெவலில் சரியாக இருக்கும் விலங்கு 11-இல் எப்படி இருக்கும் என்பதையும் இன்றே பார்த்துவிட வேண்டும். நூலின் ஓநாய் மாறாத எண்களோடு 11-ஆம் லெவலுக்குப் போனால், ஆர்மர் கிளாஸ் 17 உள்ள எதிரியின் மேல் அதன் கடி படும் வாய்ப்பு 40 விழுக்காடு, சேதம் 2.8. அந்த லெவலில் அது வெறும் காட்சிப்பொருள்.

செந்நாய் 5-ஆம் லெவலில், ஆர்மர் கிளாஸ் 15-க்கு எதிராக, சுற்றுக்கு 5.2 தருகிறது, ரேஞ்சரின் இரண்டு அம்புகள் 11.1, கூட்டினால் 16.3. அதே லெவலின் வாள்வீரர் இரண்டு அடியில் 14.3 தருகிறார், அவருடைய போனஸ் ஆக்‌ஷன் இன்னும் கையில் இருக்கிறது. நியாயமான இடைவெளி. 11-ஆம் லெவலிலும் விவேகம் 14-தான்; லெவல் ஏற்றங்கள் சுறுசுறுப்புக்கே போயிருக்கும். அங்கே ஒரு கடி 5.6. ரேஞ்சரின் அம்புகள் 12.4-ஐச் சேர்த்தால் 18.0, ஆனால் மூன்று தாக்குதல் பெற்றுவிட்ட வாள்வீரரோ 23.4-இல் நிற்கிறார். இங்கேதான் விலங்குக்கு இரண்டாவது கடியைத் தர வேண்டும், நூலும் அதே லெவலில்தான் தருகிறது. தந்தால் இணையின் மொத்தம் 23.6. எந்த லெவலிலும் இணையின் மொத்தச் சேதத்தில் விலங்கின் பங்கு பாதியைத் தாண்டவில்லை என்பதையும் கவனியுங்கள். பாதியைத் தாண்டினால் ஆட்டக்காரர் தன் பாத்திரத்தை விட்டுவிட்டு விலங்கை ஆடத் தொடங்கிவிடுவார்.

விழுந்தால்

விலங்கு இறப்பதற்கும் ஒரு விலை வேண்டும், ஆனால் அது ஆட்டக்காரரைத் தண்டிப்பதாக இருக்கக் கூடாது. 2014-இன் விதிப்படி புதிய விலங்கோடு பிணைப்பை உருவாக்க எட்டு மணி நேரம் வேண்டும்; அதாவது பழகிய விலங்கு போனது போனதுதான். 2020-இன் விதியில், இறந்து ஒரு மணி நேரத்துக்குள் அதைத் தொட்டு மந்திரம் போடும் வாய்ப்பான மந்திர இடம் ஒன்றைச் செலவழித்தால், ஒரு நிமிடத்தில் முழு ஹிட் பாயிண்டோடு எழுகிறது. நான் இரண்டாவதையே எடுத்துக்கொள்கிறேன். பெயர் வைத்து வளர்த்த விலங்கைப் பகடையின் ஒரு வீழ்ச்சிக்காக நிரந்தரமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. மந்திர இடம் போவதே போதுமான இழப்பு.

மேசையில் சோதிப்பது

கணக்கு முடிந்ததும் உரிமையாளரோடு தனியாக உட்கார்ந்து மூன்று சிறு சண்டைகளை ஓட்டிப் பாருங்கள்: பெரிய எதிரி ஒன்று, கோப்ளின் ஆறு, தொலைவில் வில்லோடு நிற்கும் எதிரிகள் நால்வர். ஒவ்வொரு சண்டையையும் விலங்கோடு ஒரு முறையும் விலங்கில்லாமல் ஒரு முறையும் நடத்துங்கள். கடிகாரத்தையும் பாருங்கள், உரிமையாளரும் விலங்கும் சேர்ந்த முறை மற்றவர்களின் முறையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நீண்டால் பண்புகளில் ஒன்றை எடுத்துவிடுங்கள். திருத்த வேண்டி வந்தால் முதலில் பண்பைத் தொடுங்கள், பிறகு கடிப் பகடையை, கடைசியாகவே ஹிட் பாயிண்டை.

எங்கள் செந்நாய் இந்தச் சோதனையில் ஓரிடத்தில் தவறியது. ஓகரின் வேகம் 40 அடி, ரேஞ்சரின் வேகம் 30. கடி பட்ட ஓகர் 30-க்கு இறங்கியதும், ரேஞ்சர் ஒவ்வொரு சுற்றிலும் 30 அடி பின்வாங்கி அம்பு விட, ஓகர் அவரை நெருங்கவே முடியவில்லை. ஈட்டியை எறிவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லாமல் போனது. கணக்கில் ஒரு புள்ளி சேதம்கூடக் கூட்டாத பண்பு ஒரு முழு எதிரியையே செயலிழக்கச் செய்துவிட்டது. அன்றே அந்த வரியைத் திருத்தினோம்: பெரிய அளவும் அதற்கு மேலும் உள்ள உயிர்களின் வேகம் 5 அடி மட்டுமே குறையும், ஒரே உயிரின் மேல் அடுத்தடுத்த சுற்றுகளில் இது செல்லாது. மறுபடி ஓட்டியபோது ஓகர் மூன்றாம் சுற்றில் ரேஞ்சரை எட்டிப் பிடித்தது. செந்நாய்க்கு ஓர் அடி பட்டு 3 ஹிட் பாயிண்ட் மிஞ்சியிருந்தது. அதைத் திரும்ப அழைப்பதா, இன்னொரு கடிக்கு விடுவதா என்று நண்பர் ஒரு நிமிடம் பகடையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.